பன்னிரண்டா, பதினாறா

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த, இதய அடைப்பை நீக்கும் கேத் லேபிலிருந்து இரண்டு நர்ஸ்கள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். இப்போதெல்லாம் ஸ்டென்ட் வைத்து முடித்ததும் ரத்தக்குழாய்க்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டு, அது சரியாக விரிந்திருக்கிறதா என்று உள்ளிருந்தே படம் பார்த்த பிறகுதான் ஆளை மேசையிலிருந்து இறக்குகிறார்களாம். அதைச் சொல்லிவிட்டு இளையவள் கேட்டாள்.

“நீங்கள்லாம் உள்ள பாக்காமலா வச்சிய சிஸ்டர்? செரியா விரிஞ்சிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சிய?”

“வெளிய இருந்து எக்ஸ்ரேல பாப்போம் மக்கா,” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு முறுக்கை எடுத்துக் கடித்தாள். எனக்குத்தான் அந்தப் பதில் போதவில்லை. ஞானதாஸ் என்ற ஒருவரைப் பற்றிச் சொன்னால்தான் அந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொன்னதாகும். அவர் விஷயத்தை எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் குழம்பி நின்றுவிடுகிறேன். குழப்பம் தீரட்டும் என்று காத்திருந்தால் எழுதவே முடியாது என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து நாலில்தான் நாகர்கோவிலில் எங்கள் தனியார் ஆஸ்பத்திரியில் கேத் லேப் திறந்தார்கள். அதுவரை நெஞ்சுவலி என்று வருகிறவர்களுக்கு முதலுதவி செய்து திருவனந்தபுரத்துக்கு ஆம்புலன்சில் ஏற்றிவிடுவோம். இருபது வருடம் வார்டிலும் ஐசியூவிலும் கழித்த என்னை மூன்று மாதம் அங்கேயே பயிற்சிக்கு அனுப்பினார்கள். எக்ஸ்ரேயைத் தடுக்கும் ஈய அங்கியின் பாரத்துக்குத் தோள் பழகியதும், மலையாளச் சிஸ்டர்மார் வேகமாகச் சொன்ன கம்பி வயர்களின் பெயர்களை நான் தப்பும் தவறுமாக எழுதிவைத்ததும்தான் அந்த மூன்று மாதத்தில் நினைவில் நிற்கின்றன.

வேலை இதுதான். தொடையில் சின்னதாகத் துளையிட்டு, அங்கிருந்து மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் டாக்டர் கொண்டுபோவார். அடைப்பு இருக்கும் இடத்தில் ஒரு பலூன். பலூனைச் சுற்றி மடிந்த கம்பி வலைக் குழல். அந்தக் குழல்தான் ஸ்டென்ட். பலூனை விரித்தால் ஸ்டென்டும் விரிந்து குழாயின் சுவரில் பதியும். பிறகு பலூனைச் சுருக்கி வெளியே எடுத்துவிட வேண்டும். ஸ்டென்ட் உள்ளேயே இருந்துவிடும். பலூனை விரிக்க ஒரு கைப்பம்பு உண்டு. அதன் மேல் கடிகாரம் மாதிரி ஒரு வட்ட முகப்பு அழுத்தத்தைக் காட்டும். எங்கள் லேபில் அந்தப் பம்பு என் கையில் இருக்கும். டாக்டர் எண் சொல்லுவார். நான் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே பம்பைத் திருக வேண்டும்.

டாக்டர் சிவதாணு சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அவர் குரல் தணியத் தணியத்தான் எங்களுக்குப் பயம் கூடும். யாராவது பதறினால், எதையாவது கீழே போட்டால், “சிஸ்டர், மணி என்ன?” என்பார். கோபம் முகத்தில் தெரியாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்போது அறையில் எல்லோருக்கும் மூச்சு நிதானமாகியிருக்கும். அவருக்கு மணி தெரிந்து ஒன்றும் ஆக வேண்டியதில்லை. எங்கள் எல்லோரையும் ஒரு நொடி வேறு பக்கம் திருப்பி, மறுபடி கொண்டுவந்து நிறுத்துகிறார் என்பது எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆனது.

ஞானதாஸ் முதலில் வந்தது லேப் திறந்து இரண்டு வருடம் கழித்து. ஆரல்வாய்மொழிக்காரர், நாற்பத்து மூன்று வயது. காற்றாலை பராமரிப்பு வேலை. கோபுரத்தின் உள்ளே செங்குத்தான இரும்பு ஏணி. இடையிடையே நின்று மூச்சு வாங்க நாலு தட்டு. அதற்கும் மேலே இயந்திரம். டாக்டர்கள் டிரெட்மில்லில் ஓடவிட்டுக் கண்டுபிடிப்பதை அவர் அந்த ஏணியிலேயே கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

“ரெண்டாவது தட்டுல நெஞ்ச யாரோ கைவச்சுத் தள்ளுகது மாதிரி இருக்கு. எறங்குனா செரியாவுது,” என்றார்.

ஆஞ்சியோ செய்ததில், இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு. அந்த இடத்தில் சுண்ணாம்பு படிந்து கல் போல இறுகியிருந்தது. ஸ்டென்ட் வைக்கத் தீர்மானித்தார்கள்.

அன்றைக்கு நடந்ததை என்னால் முடிந்த அளவுக்குச் சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டென்ட் இடத்தில் போய் நின்றது. டாக்டர் அழுத்தம் சொன்னார், நான் ஏற்றினேன். திரையில் பலூன் கறுப்பாக விரிந்தது. நடுவில் மட்டும் கயிறு கட்டி இறுக்கியதுபோல ஒடுங்கி நின்றது. அதை நாங்கள் இடுப்பு என்போம். இடுப்பு மறைந்தால் ஸ்டென்ட் முழுதாக விரிந்துவிட்டது என்று பொருள். டாக்டர் இன்னும் ஏற்றச் சொன்னார். அந்த நேரம் ஞானதாஸ், “அம்மா, நெஞ்சு,” என்று முனகினார். பலூன் விரிந்திருக்கும் அத்தனை நேரமும் அந்தக் குழாயில் ரத்தம் போகாது, அதனால் வலிக்கத்தான் செய்யும். ரத்த அழுத்தம் விழுந்தது, மானிட்டர் அலறியது. டெக்னீஷியன் ஊசி மருந்தை எடுக்கத் திரும்பியதில் ஒரு தட்டு உருண்டது.

“சிஸ்டர், மணி என்ன?”

“பன்னிரண்டு பதினாறு,” என்றேன்.

“எவ்வளவு?”

“பதினாறு.”

“போதும். சுருக்குங்க.”

சுருக்கினேன். வலி குறைந்தது, ரத்த அழுத்தம் ஏறியது. எக்ஸ்ரேயில் தெரியும் டை என்ற சாயத்தைச் செலுத்திப் படம் எடுத்துப் பார்த்தார்கள். குழாய் நன்றாக நிறைந்து ஓடியது. “இடுப்பு போயாச்சுல்லா?” என்று டாக்டர் கேட்டார். “போயாச்சு டாக்டர்,” என்றேன். டெக்னீஷியனும் அதையே சொன்னார். ரெஜிஸ்டரில் நேரம் பன்னிரண்டு பதினாறு, அழுத்தம் பதினாறு என்று என் கையாலேயே எழுதினேன்.

ஒரு மாதம் கழித்து ஞானதாஸ் வந்து, உச்சி வரைக்கும் ஏறிவிட்டதாகச் சொன்னார். ஏறக் கூடாது என்றுதான் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். “கீழ நிக்க ஆளுண்டு, மேல போவத்தான் ஆளில்ல,” என்று சொல்லி அவர் சிரித்தார்.

ஏழாவது மாதம் மறுபடி வந்தார். இப்போது மூன்றாவது தட்டில் வலி. ஸ்டென்டுக்குள்ளேயே தசை வளர்ந்து பாதிக்கு மேல் அடைத்திருந்தது. வைத்த ஸ்டென்ட் சிலருக்கு இப்படி அடைத்துக்கொள்வது உண்டு. சர்க்கரை உள்ளவர்கள், புகைக்கிறவர்கள், மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் என்று ஒரு பட்டியல் எங்கள் வாயில் எப்போதும் தயாராக இருக்கும்.

“பீடி குடிக்கீரா?” என்று டாக்டர் கேட்டார்.

“அன்னைக்கே விட்டாச்சு டாக்டர்.”

“மாத்திர?”

“ஒரு நேரம்கூட விடல.”

டாக்டர் ஃபைலில் எழுதினார். ஞானதாஸின் மனைவி லீலா ரப்பர் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவள். மெலிந்த உடம்பு, ஆளைப் பார்த்தால் பேசவே தெரியாது என்று நினைப்போம். வராந்தாவில் அவளைத் தனியாக அழைத்து, நான் எத்தனையோ மனைவிமாரிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னேன்.

“ஆம்பிளையோ டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லமாட்டாவ. வேல முடிஞ்சு வந்ததும் சட்டைய மோந்து பாரு. மாத்திர அட்டைய எண்ணு.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அவ்வோ பொய் சொல்ல மாட்டாவளே சிஸ்டர்,” என்றாள்.

“பின்ன எப்படி அடைக்கும்?” என்று கேட்டேன்.

அதற்குப் பதில் என்னிடமே இருக்கவில்லை. ஆனால் கேட்டவள் நான்.

அந்த முறை ஸ்டென்டுக்குள் வெறும் பலூனை வைத்து விரித்தார்கள். உள்ளே வளர்ந்த தசை வழுவழுப்பாக இருக்கும். ஈரக் கையில் சோப்பு நிற்காததுபோலப் பலூன் முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டே இருந்தது. எப்படியோ திறந்தது. ஒரு வருடம்கூட நிற்கவில்லை. அடுத்த முறை பழைய ஸ்டென்டுக்குள்ளேயே, தசை வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து பூசிய இன்னொரு ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் அவரைக் காணவில்லை. நன்றாக இருக்கிறார் போல என்று நினைத்தேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் வந்தார். இப்போது முதல் தட்டைத் தாண்டவே முடியவில்லை. ஆஞ்சியோவில் பார்த்தால் ஸ்டென்டுக்குள் ஸ்டென்ட், அதற்குள் அடைப்பு, அதே இடம்.

இந்த முறை டாக்டர் ஒன்றுமே கேட்கவில்லை. லீலாதான் பேசினாள், அதுவும் புருஷனுக்கு முன்னாலேயே. “அங்க மேல போய் இவ்வோ என்ன செய்யுதாவன்னு ஆருக்குத் தெரியும் டாக்டர்? வீட்டுல ஒரு மணமும் இல்ல. எனக்குக் கேட்டுக் கேட்டு மடுத்தாச்சு, சலிச்சுப் போச்சு.”

ஞானதாஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நாலு வருடத்துக்கு முன்னால் ‘பொய் சொல்ல மாட்டாவளே’ என்று என்னிடம் சொன்ன பெண்தான் இவள்.

நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்துவிடலாம் என்பதுதான் பேச்சாக இருந்தது. அதற்கு முன்னால் டாக்டர் ஒன்றைப் பார்த்துவிட நினைத்தார். நுனியிலிருந்து ஒலியலை அனுப்பி, ரத்தக்குழாயின் உட்புறத்தை வட்டமாகப் படம் காட்டும் ஒரு கம்பி. வயிற்று ஸ்கேன் போலத்தான், ஆனால் உள்ளே இருந்து. அந்த இயந்திரம் எங்களிடம் அப்போது இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து ஒரு நாளுக்கு வரவழைத்தார்.

கம்பியை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தார்கள். ஸ்டென்டின் ஒரு முனை அகலமான வட்டமாகத் தெரிந்தது. பிறகு வட்டம் சுருங்கியது. மேலும் சுருங்கியது. நடுவில் வந்தபோது இரண்டு ஸ்டென்டுகளும் ஒன்றுக்குள் ஒன்றாக நெருங்கிக் கிடந்தன, வெளியே சுண்ணாம்பு வளையம் அவற்றை இறுக்கிப் பிடித்திருந்தது. பிறகு மறுபடி அகலம். வெளி ஸ்டென்ட், நாங்கள் முதல் நாள் வைத்தது, அந்த இடத்தில் ஒரு நாளும் விரிந்திருக்கவில்லை. இடுப்பு போகவே இல்லை. வழி குறுகலாக இருந்ததால், உள்ளே கொஞ்சம் தசை வளர்ந்தாலே அடைத்துவிடும். அதற்குள் இன்னொன்றை வைத்து நாங்களே மேலும் குறுக்கியிருந்தோம்.

அறையில் யாரும் பேசவில்லை. மேசையில் விழித்தபடி கிடந்த ஞானதாஸ்தான் கேட்டார்.

“என்ன சிஸ்டர், ஒருத்தரும் மிண்டலயே?”

“ஒண்ணும் இல்ல. அசையாம கிடங்க,” என்றேன்.

டாக்டர், அதிக அழுத்தத்தைத் தாங்கும் தடித்த பலூன் ஒன்றை எடுக்கச் சொன்னார். அதிகம் ஏற்றினால் குழாய் கிழியலாம். கிழிந்தால் அந்த மேசையிலேயே எல்லாம் முடியலாம். பைபாஸ் செய்யும் சர்ஜனைப் பக்கத்து அறையில் நிற்கச் சொல்லியிருந்தார். இந்தத் தடவை எண்ணை நான் மட்டும் சொன்னால் போதாது என்று டெக்னீஷியனையும் முகப்பைப் பார்க்க வைத்தார். பன்னிரண்டு என்றேன், அவரும் பன்னிரண்டு என்றார். பதினாறு. இடுப்பு அப்படியே இருந்தது. பதினெட்டு, இருபது. ஞானதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டிலும் இடுப்பு நின்றது. இருபத்து நாலு என்று நான் சொன்ன அதே நொடியில் திரையில் பலூன் சட்டென்று நேரானது. கயிறு அறுந்ததுபோல இருந்தது. எல்லோரும் மானிட்டரைத்தான் பார்த்தோம். ரத்த அழுத்தம் விழவில்லை. டை வெளியே கசியவில்லை.

அதன் பிறகு மருந்து தடவிய பலூன் ஒன்றை அதே இடத்தில் ஒரு நிமிடம் விரித்து வைத்து எடுத்தார். அதன் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும், புதிதாகக் கம்பி எதையும் விட்டுவர வேண்டாம். அந்த ஒரு நிமிடம் அவர் மணி கேட்கவில்லை. அவரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முடிந்ததும் முகமூடியை இறக்கிவிட்டு ஞானதாஸின் தலைமாட்டுக்கு வந்தார்.

“ஞானதாஸ், முதல்ல வச்சது அன்னைக்கே முழுசா விரியல. அதனாலதான் திரும்பத் திரும்ப அடைச்சிருக்கு. பிழை எங்க பக்கம். நீரு மாத்திரையும் ஒழுங்காத் தின்னிருக்கீரு, பீடியையும் விட்டிருக்கீரு.”

ஞானதாஸ் அவரைப் பார்த்தார். அவர் கோபப்படுவார், ஏசுவார் என்று நான் காத்திருந்தேன்.

“இத எனக்க வீட்டுக்காரிகிட்ட சொல்லுவியளா டாக்டர்?” என்று மட்டும் கேட்டார்.

டாக்டர் ரத்தம் பட்ட கவுனைக்கூடக் கழற்றாமல் வராந்தாவுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அதே வார்த்தைகளை லீலாவிடம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தரையைப் பார்த்தாளே தவிர, டாக்டரையோ என்னையோ அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று மாலை பழைய ரெஜிஸ்டரைத் தேடி எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனேன்.

“அன்னைக்கு நீங்க பதினாறு சொன்னியளா டாக்டர்?”

“பன்னிரண்டுன்னுதான் எனக்கு ஞாபகம். சுண்ணாம்பு இருந்துல்லா, கிழிஞ்சிருமோன்னு பயந்தேன்.”

“இதுல பதினாறுன்னு எழுதியிருக்கேன்.”

“அப்போ பதினாறாத்தான் இருக்கும்.”

“மணி பன்னிரண்டு பதினாறு டாக்டர். நான் மணியச் சொன்ன வாயோட பதினாறுன்னுட்டேனோ, முகப்பப் பாத்துச் சொன்னேனோ, அது எனக்கே தெரியல.”

அவர் ரெஜிஸ்டரை வாங்கி அந்த வரியைப் பார்த்தார். அன்றைய படத்தின் சிடியையும் போட்டுப் பார்த்தோம். பலூனின் நடுவில் ஒரு மெல்லிய ஒடுக்கம் இருப்பதுபோல எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிவதும் தெரியாததுமாக இருந்தது. அழுத்தம் எவ்வளவு என்று படம் சொல்லாது.

“இன்னைக்குப் பாத்தீங்கல்லா, இருபத்து நாலுலதான் விட்டுது,” என்றார் கடைசியாக. “பன்னிரண்டா இருந்தாலும் பதினாறா இருந்தாலும் அன்னைக்கு விரிஞ்சிருக்காது.”

ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மைதானா என்று எனக்கு இன்றும் பிரிக்கத் தெரியவில்லை. சரியான எண் தெரிந்திருந்தால் அன்றே விரியவில்லை என்று சந்தேகப்பட்டிருப்போமா? அல்லது அவர் பயத்தில் குறைத்துச் சொன்னதுதான் காரணமா? இல்லை, எல்லோருமாகச் சேர்ந்து, போயாச்சு போயாச்சு என்று நம்ப ஆசைப்பட்டதா? ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சரியென்று படுகிறது.

அதன் பின் எங்கள் லேபில் எண்ணை இரண்டு பேர் படிக்கும் வழக்கம் வந்தது. மணியை டாக்டர் கேட்பது நின்றுபோனது. மறுபடி அடைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் பீடியைப் பற்றிக் கேட்குமுன் பழைய படத்தை எடுத்துப் பார்ப்பார். நான் வராந்தாவில் மனைவிமாரைத் தனியாக அழைப்பதை விட்டேன்.

இரண்டாயிரத்துப் பதினாலில் ஓய்வு பெற்றேன். சில மாதம் கழித்து ஒரு நாள் ஆரல்வாய்மொழி பஸ்ஸில் ஏறிப் போய், விசாரித்து அவர்கள் வீட்டைக் கண்டுபிடித்தேன். ஞானதாஸ் கோபுரம் ஏறுவதை விட்டு, கம்பெனியின் ஸ்டோரில் கருவி எடுத்துக்கொடுக்கும் வேலைக்கு மாறியிருந்தார். வலி இல்லை என்றார். லீலா பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நின்றாள்.

அந்தப் பம்பு என் கையில்தான் இருந்தது என்பதையும், எண்ணைப் பற்றிய குழப்பத்தையும் அவரிடம் முழுதும் சொன்னேன். நோயாளி ஒருவரிடம், யாரும் கேட்காமல் நானாகவே இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“எங்க ஸ்பானர்லயும் எவ்வளவு இறுக்கியிருக்குன்னு நம்பர் காட்டும் சிஸ்டர்,” என்றார் ஞானதாஸ். “போல்ட்டு உள்ள துருப் பிடிச்சு நின்னுதுன்னா, நம்பர் வந்துரும், போல்ட்டு எறங்கியிருக்காது. நாங்களும் அப்படி எத்தனையோ விட்டுட்டு எறங்கியிருக்கோம்.”

அவர் அவ்வளவு எளிதாக விட்டுவிட்டது என்னை இன்னும் சங்கடப்படுத்தியது. நான் லீலா பக்கம் திரும்பினேன்.

“எண்ணு எனக்குத் தெரியல லீலா. ஆனா அவரு சட்டைய மோந்து பாருன்னு உங்கிட்ட சொன்னது நான். அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. அது பிழை.”

சொன்ன பிறகுதான், அது ஞானதாஸுக்குத் தெரிந்திருக்காதே என்று உறைத்தது. லீலா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியும்,” என்றார் ஞானதாஸ். “அதுக்குத்தான வேலை முடிஞ்சு வந்ததும் கழட்டிக் கட்டில்ல போடுவேன். கொடியில போட்டா காத்துல மணம் போயிரும், பொறவு நம்ப மாட்டா.”

லீலா அவரையே பார்த்தாள். பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். என் முகத்தை அவள் நேராகப் பார்த்தது, வராந்தாவில் அவளைத் தனியாக அழைத்த நாளுக்குப் பிறகு அப்போதுதான்.

“சிஸ்டர், இனியும் அது அடையுமா?”

முப்பது வருடத்தில் இந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறேன். மாத்திரை தின்றால் அடையாது, பீடி தொடாவிட்டால் அடையாது, டாக்டர் சொன்னபடி கேட்டால் அடையாது.

“தெரியாது லீலா,” என்றேன்.

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“முதல்லயே இப்படித் தெரியாதுன்னு சொல்லியிருந்தா, நான் பேசாம அவருக்க பக்கத்துல இருந்திருப்பேன்,” என்றாள்.